செத்தாரா என்று நான் எழுதினேன்

போன மாதம் மண்டபக் குழுவின் கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கத்தினேன். எழுபத்து நான்கு வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். தேவைதான். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே தட்டியிருக்க வேண்டும். அப்போது தட்ட வேண்டிய மேசை வேறு.

ஜொகூரில், தெப்ராவில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் மண்டபம் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை. பகல் விருந்து என்றால் பரிமாறுகிறவர்களின் வியர்வை இலையில் சொட்டும். தகரத்தைப் பிரித்துவிட்டுத் தட்டையான புதுக் கூரை போட்டு, அதற்குள் வெப்பத்தைத் தடுக்கும் நுரைப் பலகை வைக்கலாம் என்று குழு தீர்மானித்தது. ஓய்வு பெற்ற பொறியாளர் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள்.

மேசையில் இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்று வெள்ளை, தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வைத்து வருமே, அந்த ஜாதி. மற்றது மஞ்சள், இரண்டு பக்கமும் கண்ணாடி இழைத் தாள் ஒட்டியது.

தலைவர் துண்டுகளை என் பக்கம் தள்ளினார். "மஞ்சள் வர ரெண்டு மாசம் ஆகுமாம் சார். வெள்ளை நாளைக்கே வந்திரும். கொஞ்சம் தடிப்பாப் போட்டா ரெண்டும் சாமா லா. நீங்க செத்தாரான்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சிச்சி."

"மேல என்ன ஒட்டப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தார் ஷீட்டுதான். நெருப்பக் காட்டி ஒட்டுவாங்கல்ல, அது."

வெள்ளைத் துண்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன். அதற்குள் செயலாளர், வேலையை மேற்பார்க்க ஆள் வேண்டுமே, பாசிர் கூடாங்கில் ஒரு மண்டோர் இருக்கிறார், கூரை வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்று ஆரம்பித்தார். மண்டோர் என்றால் இங்கே வேலையாட்களின் தலைவன்.

பொருளாளர் சிரித்தார். "அவரா? அவரு கூரை போட மாட்டாரு, கூரையக் கொளுத்துவாரு. மண்டபத்துல ஓமம் வளக்க ஆள் வேணும்னா கூப்பிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் மேசையைத் தட்டினேன்.

"அந்தக் கூரைய எரிச்சது நான்" என்றேன். அங்கே சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். அங்கே சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த நாட்களில் நான் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் கட்டடப் பொறியாளர். பாலோவில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, கோலாலம்பூரில் பட்டம் வாங்கி, வெளிநாட்டில் மேற்படிப்பும் படித்தவன். இது பெருமைக்காக அல்ல. பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்குச் சலுகை தரக்கூடாது.

ஒரு குளிர்கிடங்கு கட்டிக்கொண்டிருந்தோம். கால்பந்துத் திடல் போல அகன்ற தட்டைக் கூரை. அடியில் எஃகுத் தகடு, அதன் மேல் நுரைப் பலகை இரண்டு அடுக்கு, உச்சியில் தார் ஷீட். வரைபடத்தில் மஞ்சள் பலகை என்று எழுதியவனும் நான்தான். யோசித்துத்தான் எழுதினேன். நுரைப் பலகையைத் தேர்ந்தெடுப்பவன் வெப்பத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஜொகூர் வெயிலில் பகல் முழுவதும் வேகும் கூரை நாலு மணி மழையில் சட்டென்று குளிரும். பலகை நீண்டு சுருங்கும். அதன் மேல் ஆட்கள் நடப்பார்கள், கருவிகளை இழுப்பார்கள், பலகை அமுங்கக் கூடாது. இணைப்பு வழியாக ஈரம் இறங்கக் கூடாது என்றுதான் மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்பில் வராதபடி, செங்கல் வைப்பதுபோல் மாற்றி மாற்றி வைக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் மேல் வருவதை எதை வைத்து ஒட்டப் போகிறோம் என்பது. பசையா, ஆணியா, நெருப்பா. நெருப்பு என்றால் மஞ்சள். இதைக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மஞ்சள் வரத் தாமதமாயிற்று. கான்ட்ராக்டரின் மேனேஜர் ஒரு கடிதத்தோடு வந்தார். தமிழர்தான், இனிக்க இனிக்கப் பேசுவார். மஞ்சளுக்குப் பதிலாக வெள்ளை, தடிமன் அதிகம், வெப்பத் தடுப்பு அதே அளவு, அனுமதி வேண்டும்.

எங்கள் ஒப்பந்தத் தாள்களில் ஒவ்வொரு பொருளின் பெயருக்குப் பின்னாலும் 'அத்தாவ் செத்தாரா' என்று இரண்டு மலாய்ச் சொற்கள் வரும். 'அல்லது இணையானது' என்று பொருள். நேர்மையாக எழுதப்பட்ட சொற்கள். ஒரே கம்பெனியின் சரக்கைத்தான் வாங்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதற்காக. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அது பின்வாசல்.

கணக்குப் போட்டேன். வெப்பத்தைப் பொறுத்தவரை மேனேஜர் சொன்னது சரி. இன்றைக்குப் போட்டாலும் சரியாகத்தான் வரும். அந்தக் கணக்கில் நெருப்புக்கு இடமில்லை. அது எனக்குத் தெரியும் என்பதால் கடிதத்தில் ஒரு நிபந்தனை போட்டேன்: தார் ஷீட்டுக்கு நெருப்புக் காட்டும் முன் வெள்ளையின் மேல் சிமெண்டுப் பலகை பரப்பி மூடவேண்டும். கீழே 'செத்தாரா' என்று எழுதிக் கையெழுத்திட்டுச் சாப்பு வைத்தேன். என் பெயரும் பட்டமும் பதிவெண்ணும் உள்ள ரப்பர் முத்திரை. அதை ஓங்கிக் குத்தும்போது வரும் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

மறுநாள் கூரையில் மண்டோர் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றார். என்னைவிட இருபது வயது இளையவர். பாசிர் கூடாங் ஆலைகளிலெல்லாம் நெருப்பு வேலை செய்தவர்.

"சார், கடுதாசியில செத்தாரான்னு போட்டிருக்கீங்க. யாரு சார் செத்தாரு?"

வேலையாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"மலாய் படிச்சதில்லையா மண்டோர்?"

"படிச்சிருக்கேன் சார். ஆனா சாகறப்ப தமிழ்லதான சாகப் போறோம்."

பிறகு அவர் சிரிக்கவில்லை. இரண்டு துண்டுகளையும் கான்கிரீட் ஓரச்சுவரின் மேல் வைத்து, நெருப்புக் குழாயைப் பற்றவைத்துக் காட்டினார். மஞ்சளின் முகம் கருகிப் பொருக்குத் தட்டியது, அவ்வளவுதான். வெள்ளையோ நெருப்பு தொடும் முன்பே உப்புப் போட்ட நத்தை மாதிரி சுருண்டு பின்வாங்கியது. பிறகு உருகிச் சொட்டியது. சொட்டுகள் எரிந்துகொண்டே விழுந்தன.

"இது எதுக்கு சார் செத்தாரா?"

"மேல சிமெண்டுப் பலகை வருது. பயப்படாதீங்க."

"வந்தா சரி."

வரவில்லை. வெள்ளையைப் பரப்பி முடித்துவிட்டோம். சிமெண்டுப் பலகை வரும் லாரி வரவில்லை. பிற்பகல் மழை நாள் தவறாமல் வந்தது. திறப்பு விழாவுக்கு ஆள் அழைத்தாயிற்று. மேனேஜர் மண்டோரிடம் நேராகவே ஒட்டச் சொன்னார். மண்டோர் நெருப்புக் குழாயைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேஸ் சிலிண்டரின் மேல் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் எனக்கு போன் செய்தார். நான் ஏணியில் ஏறிப் போனேன்.

இங்கேதான் நான் கவனமாக எழுத வேண்டும். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. விழா தள்ளிப்போனால், வெள்ளைக்கு அனுமதி கொடுத்த என் கடிதத்தைப் பற்றி என் மேலதிகாரி கேட்பார்; அந்தக் கேள்வியை நான் விரும்பவில்லை. காரணம் அவ்வளவுதான்.

"போலே லா மண்டோர்" என்றேன். செய்யலாம், பரவாயில்லை என்று. "நெருப்ப ஷீட்டுப் பக்கம் மட்டும் காட்டுங்க. ஓரத்துல மெதுவாப் போங்க. நான் பாத்துக்கறேன்."

"எழுதித் தர்றீங்களா சார்?"

"என் வாய் போதாதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தோட்டத்துப் பள்ளியிலிருந்து படித்து வந்த ஆள், நம்ம ஆள், ஏமாற்ற மாட்டார் என்று நினைத்திருப்பார். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"போதும் சார். உங்க வாய் போதும்."

எழுந்து போய்க் குழாயை எடுத்தார்.

மூன்றாம் நாள் பிற்பகல், கூரையும் ஓரச்சுவரும் சேரும் மூலையில், நெருப்பு ஓர் இணைப்புக்குள் நுழைந்துவிட்டது. உள்ளே வெள்ளை உருகி வெற்றிடமாகியிருந்ததால் தீ அதன் வழியாகவே ஓடியிருக்கிறது. மேலே ஷீட் சாதுவாகக் கிடக்க, பத்தடி தள்ளிப் புகை எழும்பியது. மண்டோர் ஆட்களை இறக்கினார். தானும் இறங்கினார். பிறகு மறுபடி ஏறினார். இரண்டு சிலிண்டர்கள் மேலேயே இருந்தன. கீழே கட்டடத்துக்குள் பெயிண்ட் அடிப்பவர்களும் மின்சார வேலையாட்களும் இருந்தார்கள். தகடு வழியாகச் சத்தம் கேட்காததால் அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. சிலிண்டர்களை இழுத்துத் தூரப் போட்டபோது உருகிய வெள்ளை அவர் கைகளில் ஒட்டிக்கொண்டது. துடைக்க முடியாது அதை. துடைத்தால் தோலும் சேர்ந்து வரும்.

நான் அலுவலகத்தில் இருந்தேன். மேனேஜர் போன் செய்தார்.

"சார், கூரை புடிச்சிக்கிச்சி. மண்டோரத் தூக்கிட்டுப் போறாங்க."

"செத்தாரா?" என்று கேட்டேன்.

கேட்டு முடித்த பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது.

"இல்ல சார். கை மட்டும்தான்."

கை மட்டும். அந்த மேனேஜரை இன்று பார்த்தால்கூட அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்காக அறைவேன் என்று நினைக்கிறேன். நினைப்பதோடு சரி. அன்று நான் அதைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன்.

கூட்டத்தில் இதுவரை சொன்னேன். இனி எழுதுவது அங்கே சொல்லாதது.

விசாரணையில் என் கடிதத்தை மேசையில் வைத்தார்கள். சுத்தமான கடிதம். நிபந்தனை இருந்தது, சாப்பு இருந்தது. மூடும் பலகை இல்லாமல் நெருப்பு வைக்க நீங்கள் அனுமதித்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். என் கடிதத்தைப் பாருங்கள் என்றேன். இரண்டு கைகளிலும் கட்டோடு மண்டோர் எதிரே உட்கார்ந்திருந்தார். சார் சொல்லித்தான் செய்தேன் என்றார். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரை ஓடுகளைப் பார்த்தேன். மேனேஜரும் என் பக்கமே பேசினார். பேசாமல் என்ன செய்வார், தாமதம் அவருடையது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிவு எழுதினார்கள். அறையை விட்டு வெளியே வரும்போது, நிபந்தனை போட்டு எழுதிய என் முன்யோசனையை ஒருவர் பாராட்டினார். நான் நன்றி என்றேன்.

நன்றி என்றேன்.

மண்டோரின் நெருப்பு வேலைப் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது இல்லாமல் பாசிர் கூடாங்கில் எந்த ஆலையும் கூரை வேலைக்கு அவரை உள்ளே விடாது. கைகள் ஓரளவு தேறிய பிறகும் கான்ட்ராக்டர்கள் அவரைக் கூப்பிடவில்லை. கூரையைக் கொளுத்தியவர் என்ற பேர் ஜொகூர் முழுக்கப் போய்விட்டது. என் மண்டபக் குழு வரைக்கும்.

குழுவில் நான் பேசி உட்கார்ந்ததும் பொருளாளர் தன் முன்னால் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். பிறகு தலைவர், "பழைய கதை சார், விடுங்க லா. யாரும் போய்ச் சேரலயே" என்றார். ஆறுதலாகச் சொன்னார். வெள்ளைத் துண்டை எடுத்து உடைத்தேன். மணிமணியாக மேசை முழுக்கச் சிதறியது. வெள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. கான்கிரீட்டுக்கு அடியில், நெருப்பு எட்டாத இடத்தில் அது ஒழுங்காக உழைக்கும். நெருப்பில்லாமல் ஒட்டும் ஷீட் போடுவதானால் மேலே ஒரு மூடுபலகையோடு அதையே போடுங்கள், இல்லையென்றால் மஞ்சளுக்குக் காத்திருங்கள், செத்தாரா என்று இனி என் கை எழுதாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீரமாகத்தான் இருந்தது. காரில் ஏறிய பிறகுதான் விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது உறைத்தது. மறுபடியும், இந்த முறை வாயால், எனக்குச் சுத்தமான ஒரு கடிதம் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பாசிர் கூடாங்கில் அவருடைய அடுக்குமாடி வீட்டைத் தேடிப் போனேன். அவர் இப்போது ஓர் ஆலையின் வாசலில் காவலாளி. அன்று அவருக்கு ஓய்வு நாள். அவர் மனைவி கதவைத் திறந்து, இரும்புக் கம்பிக் கதவைத் திறக்காமல் என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "அந்த இஞ்சினியரு வந்திருக்காரு. உள்ள விடணுமா?" என்றார்.

"வரட்டும்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். விரல்கள் பாதி மடங்கியபடி இறுகியிருந்தன, எதையோ பிடிக்கப் போகிறவர்போல.

"எதுக்கு வந்தீங்க சார்?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"கேட்டாச்சா?"

"கேட்டாச்சு."

"சரி. போலாம்."

நான் எழவில்லை. அவர் ஜன்னல் பக்கம் போனார். கீழே ஆலைப் பேருந்து ஒன்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது.

"கூட்டத்துல சொன்னீங்களாமே. செயலாளரு போன் பண்ணாரு. விசாரணையில பொய் சொன்னீங்களே, அதயும் சொன்னீங்களா?"

"இல்ல."

"அதான பாத்தேன்."

மனைவி சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார். "எங்க மக படிக்கறப்ப, ஒங்கப்பாதான கட்டடத்தக் கொளுத்துனாருன்னு பஸ்ல கேப்பாங்க. அவ அழுவ மாட்டா. வீட்டுக்கு வந்து இவருகிட்ட கேப்பா, நீதான் கொளுத்துனியாப்பான்னு. இவரு என்னன்னு சொல்லுவாரு? சார் சொல்லித்தான்னு சொன்னா, அப்ப ஏன் சார் வந்து சொல்லலன்னு கேட்டா. நீங்களே சொல்லுங்க, ஏன் வரல?"

நான் கோழை என்பதுதான் பதில், ஆனால் அதைச் சொல்லி அவர்களிடம் இரக்கம் வாங்க அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்ன செய்யணும் சொல்லுங்க மண்டோர்."

"எழுதிக் குடுங்க. மலாய்ல. அன்னைக்கு எழுதுன மாதிரியே, சாப்பு வச்சி."

"வேலைய விட்டாச்சு. என் சாப்பு இப்ப செல்லாது."

"செல்லற சாப்பு எங்க இருக்கோ அங்க போய் வாங்கிட்டு வாங்க. அன்னைக்கு உங்க வாய் போதும்னேன். இப்ப போதாது."

சத்தியப் பிரமாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவர் கடைவீட்டு மாடியில் இருந்தார். மலாய்க்காரர், பொறுமையானவர். நான் கொண்டுபோன தாளை இருமுறை படித்தார். 'வெள்ளைப் பலகை தீடாக் செத்தாரா', இணையானது அல்ல, என்று அதில் எழுதியிருந்தேன். மூடும் பலகை இல்லாமல் நெருப்பு வைக்க வாயால் சொன்னவன் நான், விசாரணையில் பொய் சொன்னவனும் நான் என்று எழுதியிருந்தேன். பாக்சிக், பெரியவரே, இது உங்களுக்கு எதிரானது, தெரியுமல்லவா என்று மெதுவாகக் கேட்டார். தெரியும் என்றேன். வலது கையைத் தூக்கச் சொன்னார். பிறகு சாப்பு குத்தினார். அந்தச் சத்தம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு நேராக ஆலை வாசலுக்குப் போனேன். மண்டோர் காவல் கூண்டில் இருந்தார். ஷிப்ட் மாறும் நேரம். மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வெளியேறின. அவர் இறுகிய இரண்டு விரல்களுக்கிடையில் தாளைப் பிடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க சார். நீங்க சொன்னது, நீங்க மறைச்சது, நீங்க பொய் சொன்னது. எல்லாம் நீங்க."

எனக்குப் புரியவில்லை.

"நான் மேல ஏறுனது எங்க? கீழ ஆளு இருந்தாங்க. சிலிண்டர இழுத்தேன். அத எழுதலயே."

தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு அந்த ஆபீஸத் தொறந்திருப்பாங்கல்ல? போய் எழுதிட்டு வாங்க."

லாரியின் எண்ணைக் குறிக்க அவர் பேனாவை எடுத்தார். அதை விரல்களுக்குள் சரியாகப் பொருத்தக் கொஞ்ச நேரம் ஆயிற்று. லாரிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். அவனைப் பார்த்துக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. இந்த முறை நான் முதல் வரியில் இல்லை. கட்டடத்துக்குள் ஆட்கள் இருந்தார்கள், அவர் திரும்ப மேலே ஏறிப் போனார் என்று தொடங்கியிருக்கிறேன்.